கையெழுத்துக்கு மேலே

‘நாலே வாரத்தில் சர்வதேசச் சட்டம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கீழே ஒரு மாளிகையின் படம். மாளிகை வாசலில் கறுப்பு அங்கி மாட்டிய முப்பது பேர். முப்பது பேருக்கும் ஒரே சிரிப்பு.

டைப்பிஸ்ட் அக்கா அந்த விளம்பரத்தை மூன்று முறை படித்தாள். இருபத்திரண்டு வருஷமாக நீதிமன்றத்தில் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்கிறவள் அவள். கொலை, களவு, பாகப்பிரிவினை, விவாகரத்து எல்லாமே அவள் விரல் வழியாகத்தான் உலகத்துக்கு வந்திருக்கின்றன. சில நீதிபதிகள் வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு, முடிக்க வழி தெரியாமல் ஜன்னலைப் பார்ப்பார்கள். அக்கா முடித்து வைப்பாள். அப்படி அக்கா முடித்து வைத்த வாக்கியங்களால் ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு, வெளியே வந்தவர்களும் உண்டு.

அந்த வருஷம் தலைமைத் தட்டச்சர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அக்கா நினைத்தாள். அலுவலகம் மொத்தமும் அப்படித்தான் நினைத்தது. பதிவாளர் மட்டும் வேறு மாதிரி நினைத்தார், ஏனென்றால் அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். மைத்துனர் இரண்டு விரலால் தட்டச்சு செய்வார். அந்த இரண்டில் ஒன்றும் பெரும்பாலும் காதைக் குடைந்துகொண்டிருக்கும். அவர் போன கோடையில் வெளிநாட்டுக்குப் போய் ஒரு சான்றிதழோடு திரும்பியிருந்தார்.

சுற்றறிக்கை வந்தது. ‘தலைமைத் தட்டச்சர் பதவிக்கு வெளிநாட்டுச் சட்டப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். கோடை முடிந்து வரும் முதல் திங்கட்கிழமை மாலைக்குள் சமர்ப்பிக்க வேண்டும்.’ அதைத் தட்டச்சு செய்ததும் அக்காதான். தன் கழுத்துக்குக் கயிறு திரித்ததோடு, அதில் ஒரு எழுத்துப்பிழையும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள்.

அவள் கணவர் தையல்காரர். வக்கீல்களுக்கு அங்கி தைப்பவர். சுற்றறிக்கையின் நகலைப் படித்துவிட்டு, வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்தார்.

“போயிட்டு வா. ரெண்டு விரலுக்கே சான்றிதழ் குடுத்தவங்க பத்து விரலுக்குக் குடுக்க மாட்டாங்களா?”

“ஒரு மாசம் வீட்டை யாருங்க பாத்துப்பா?”

“வீடு எங்க போயிடப் போகுது? நாற்காலிதான் போயிடும்.”

அக்கா சேர்த்து வைத்த விடுப்பையெல்லாம் ஒன்றாகப் போட்டு விமானம் ஏறினாள்.

*

உலகச் சட்டக் கோடைப் பள்ளியின் மாளிகை படத்தில் இருந்தது போலவே இருந்தது. படம் எடுத்த பக்கத்தைத் தவிர மற்ற மூன்று பக்கமும் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. வாசலில் அவளுக்கு ஒரு அங்கி, ஒரு விதிப் புத்தகம், ஒரு எண் கொடுத்தார்கள்.

“இனிமே உங்களுக்குப் பேர் கிடையாது. பதினேழு,” என்றார் செயலாளர். “சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்ங்கறதால.”

“உங்களுக்கு எத்தனாம் எண் சார்?”

“எனக்கு எண் கிடையாது. நான் செயலாளர்.”

பதினெட்டாம் எண், அக்காவின் அறைத்தோழி. ஒரு காவல் நிலையத்தில் புகார் எழுதும் ரைட்டர். பதவி உயர்வுக்கு அவளிடமும் இதே காகிதத்தைக் கேட்டிருந்தார்கள். வந்ததும் வராததுமாக ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். “பழக்கம் அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அடைச்சு வச்சா எப்படி வெளிய போறதுன்னு முதல்லயே பாத்து வச்சுக்கணும்.”

அன்று மாலை அக்கா அங்கியைப் போட்டு ஒரு படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. ‘அது அங்கித் துணி இல்ல. ஜன்னல் திரை. கீழ வளையம் கோத்த ஓட்டை இருக்கும், பாரு.’ இருந்தது.

தொடக்க விழாவில் தலைவர் பேசினார். உயரமான மனிதர். அவர் குரல் அவரைவிட உயரம். முப்பத்தொரு வருஷமாக அந்த மாளிகையை அந்தக் குரலே தாங்கி நிற்கிறது என்று செயலாளர் அறிமுகம் செய்தார். சுவர்களைப் பார்த்த அக்காவுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

“சட்டம் ஒரு கடல்!” என்றார் தலைவர். “நான்கு வாரத்தில் கடலைக் கற்றுத் தர முடியுமா? முடியாது! அது ஏமாற்று வேலை. ஆகவே நாங்கள் கடலைக் கற்றுத் தருவதில்லை. கரையில் எப்படி நிற்பது என்று கற்றுத் தருகிறோம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்கும் வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது.

முதல் வாரம் முழுக்க நீதிமன்றத்துக்குள் நுழைவது எப்படி என்று பாடம். கதவு ஒன்றைத் தனியாக நடுக்கூடத்தில் நிறுத்தியிருந்தார்கள். சுவர் கிடையாது, கதவு மட்டும். ஒவ்வொருவராக அதைத் திறந்து, வலது காலை வைத்து, சாத்திவிட்டு வர வேண்டும். பதினெட்டாம் எண் அவசரத்தில் கதவைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு அவளுக்கு ஒரு கண்டனக் கடிதம்.

இரண்டாம் வாரம் வணங்குவது. முதன்மை நீதிபதிக்கு எவ்வளவு குனிவது, துணை நீதிபதிக்கு எவ்வளவு, ஓய்வு பெற்றவருக்கு எவ்வளவு என்று ஒரு மரக் கோணமானியை முதுகில் வைத்து அளந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் குனிந்து தட்டச்சு செய்த முதுகு அக்காவுடையது. அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

நூலகம் ஒன்று இருந்தது. கண்ணாடி அலமாரிகளில் தடித்தடியாகப் புத்தகங்கள், எல்லாவற்றிலும் பூட்டு. “திறந்து காட்டுவீங்களா?” என்று கேட்டதற்குச் செயலாளர் பதறிப்போனார். “சட்டம் தொட்டுப் பாக்கற பொருளா? மரியாதையா வெளிய இருந்து பாருங்க!” பதினெட்டாம் எண் போலீஸ் கண்ணால் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: “அக்கா, அது புத்தகமே இல்ல. மரக்கட்டை. முதுகுல மட்டும் பெயின்ட்.”

ஆக, அந்தப் பள்ளியில் படிக்க இருந்த ஒரே புத்தகம் விதிப் புத்தகம். அறுபத்துநாலு பக்கம். அதை யாரும் படிக்கவில்லை. அக்கா படித்தாள். அச்சடித்த காகிதத்தைக் கையில் கொடுத்தால் பிழை பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. மொத்தம் முப்பத்தொன்பது பிழை. அவற்றைத் திருத்திப் பட்டியல் போட்டு, அடியில் ‘எண் 17, நீதிமன்றத் தட்டச்சர்’ என்று எழுதி, நல்லெண்ணத்தில் செயலாளரிடம் கொடுத்தாள்.

எல்லா வினையும் அந்த நல்லெண்ணத்தில்தான் ஆரம்பித்தது.

*

பதினோராம் நாள் காலை, மூன்றாம் வாரத்தின் முதல் நாள், செயலாளர் வகுப்பு வாசலில் அவளை மடக்கினார்.

“பதினேழு, உங்களுக்கு டைப் பண்ண வருமாமே? தலைவரோட நிறைவு விழா உரையை அடிக்கணும். எங்க டைப்பிஸ்ட் லீவு. இது எவ்வளவு பெரிய கௌரவம் தெரியுமா?”

“வகுப்பு இருக்கே சார். வருகை போயிடுமே?”

“தலைவர் அறையே ஒரு வகுப்புதாம்மா. வாங்க.”

அன்று முழுக்க அக்கா தலைவர் அறையின் மூலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். தலைவர் நடந்துகொண்டே சொல்வார், நிறுத்துவார், தன் குரலைத் தானே ரசிப்பார். உரையில் ஒரு வரி இப்படி வந்தது: ‘ஒரே ஒரு நாள் வராதவனுக்கும் இங்கே சான்றிதழ் கிடையாது என்பதே நம் பெருமை.’ அக்கா அதையும் பிழையில்லாமல் அடித்தாள்.

மதியம் மூன்று மணிக்கு ‘கையெழுத்து நேரம்’ வந்தது. இப்படி ஒன்றை அக்கா எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. செயலாளர் ஐம்பது அறுபது காகிதங்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் மேலிருந்து மடித்து, ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்றாக மேஜை நீளத்துக்கும் அடுக்கினார். ஒவ்வொரு காகிதத்திலும் அடியில் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. தலைவர் பேனாவைத் திறந்து, மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். நடந்து முடிப்பதற்குள் அறுபது கையெழுத்தும் முடிந்தன.

“படிச்சுப் பாக்க வேண்டாமாங்க?” அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். “அம்மா, படிப்பது குமாஸ்தாவின் வேலை. தலைவன் படிக்க ஆரம்பித்தால் நிறுவனத்தின் வேகம் என்ன ஆகும்? காகிதத்தின் மேல்பகுதியை நான் பார்த்து முப்பத்தொரு வருஷமாகிறது!”

செயலாளர் பெருமையோடு தலையாட்டினார். மாணவர்கள் அவருக்கு ‘மடிப்பு’ என்று ஏன் பட்டப்பெயர் வைத்தார்கள் என்று அக்காவுக்கு அன்றுதான் புரிந்தது.

*

அந்த வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘சான்றிதழுக்குத் தகுதியற்றோர்: எண் 17. காரணம்: பதினோராம் நாள் வகுப்பில் இல்லை.’

அக்கா நேரே வருகை அதிகாரியிடம் போனாள். அந்த அம்மாள் மூன்று பதிவேடுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்ததற்கு ஒன்று.

“அன்னிக்கு நான் தலைவர் அறையில இருந்தேன் மேடம். அவர் உரையைத்தான் அடிச்சுட்டிருந்தேன். செயலாளரைக் கேளுங்க.”

“கேக்க வேண்டியதே இல்ல. எனக்கே தெரியுமே.”

“தெரிஞ்சுமா போட்டீங்க?”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “இங்க பாருங்க பதினேழு. தலைவர் அறையில் இருப்பது தலைவர் அறையில் இருப்பதே. வகுப்பில் இருப்பதாகாது.”

“அவர்தானே கூப்பிட்டார்?”

“அவர் கூப்பிட்டார், நீங்க போனீங்க. வகுப்புக்கு வரல. மூணும் உண்மை. நான் எதையாவது மறுத்தேனா?”

அக்கா தலைவரிடம் போனாள். தலைவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு மகிழ்ந்தார். உரை பிரமாதமாக வந்திருக்கிறது என்றார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் கலங்கியது. “எவ்வளவு வருத்தமாக இருக்கிறது தெரியுமா? ஆனால் உங்களுக்காக விதியை வளைத்தால், நிறைவு விழா உரையில் அந்த வரியை நான் எந்த முகத்தோடு படிப்பேன்? நீங்களே அடித்த வரியம்மா அது!”

“கோடை முடிஞ்சு வர்ற திங்கட்கிழமைக்குள்ள அந்தச் சான்றிதழ் இல்லன்னா இருபத்திரண்டு வருஷமும் வீணாப் போயிடும் சார்.”

“மேல்முறையீடு செய்யுங்கள். உரிமை இருக்கிறது. நம் நிறுவனத்தில் மேல்முறையீட்டுக்கென்றே தனி அதிகாரி வைத்திருக்கிறோம். மனு ஆறு பிரதி!”

மேல்முறையீட்டு அதிகாரியின் அறை மாடியில் இருந்தது. கதவில் ஒரு பலகை தொங்கியது: ‘கோடை விடுமுறை.’

“எப்ப வருவார்?” என்று கேட்டாள் செயலாளரிடம்.

“கோடை முடிஞ்சதும்.”

“கோடை முடிஞ்சா பள்ளிக்கூடமே இருக்காதே?”

“இருக்காது. பள்ளிக்கூடம் இல்லாதப்ப யார் மேல்முறையீடு செய்யப் போறாங்க? அதனால அவருக்கு அவ்வளவா வேலை இல்ல,” என்றார் செயலாளர், கொஞ்சம் பொறாமையோடு.

அறைக்கு வந்த அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பதினெட்டாம் எண் கைக்குட்டையோடு காத்திருந்தாள். அக்கா அழவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்தாள்.

“கழுத்துக்குக் கயிறு ரெண்டு தடவை நானே திரிச்சுக் குடுத்திருக்கேன்டி. ஊர்ல அந்தச் சுற்றறிக்கை, இங்க இவரு உரை. மூணாவது தடவையும் நான்தான் திரிக்கப் போறேன். ஆனா கழுத்து வேற.”

“யாரு கழுத்து அக்கா?”

“இதைப் படி. விதி இருபத்தொன்னு.”

பதினெட்டாம் எண் படித்தாள். நான்காம் வாரக் கடைசி நாளில் ‘மாதிரி நீதிமன்றம்’ நடக்கும். எந்த மாணவரும், பள்ளியில் யார்மீதும், உண்மையான குறைக்காக அதில் வழக்குப் போடலாம். விதி இருபத்துமூன்று: எதிர்வாதிக்கு மூன்று முறை அறிவிப்பு அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும். விதி இருபத்தேழு: முதல் அறிவிப்பிலிருந்து மூன்று நாளுக்குள் எதிர்வாதி பதில் தராவிட்டால், வாதி கேட்டபடியே தீர்ப்பு. விதி நாற்பத்தொன்று: அந்தத் தீர்ப்பு பள்ளியில் எல்லோரையும் கட்டுப்படுத்தும். தலைவரும் விலக்கல்ல.

“இதை எவன் எழுதினான்?”

“பள்ளிக்கூடத்தை ஆரம்பிச்ச புண்ணியவான். பசங்க பயந்து ஒழுங்கா இருக்கணும்னு எழுதியிருப்பார். அதுக்கப்புறம் இந்தப் பக்கத்தை யாரும் திருப்பினதில்ல. வருஷா வருஷம் ஒரே வழக்குதானாம். பக்கத்து வீட்டு மரக்கிளை சுவர் தாண்டி வருதுன்னு. முப்பத்தொரு வருஷமா அந்தக் கிளையை வெட்டிட்டு இருக்காங்க.”

பதினெட்டாம் எண் யோசித்தாள். “எங்க ஸ்டேஷன்ல ‘புகார் எழுதிக் குடுங்க, மத்ததைச் சட்டம் பாத்துக்கும்’னு சொல்லுவோம். சொல்லும்போதே எங்களுக்குச் சிரிப்பு வரும். தலைவரு பதில் குடுத்துட்டா?”

“பதில் குடுக்கணும்னா படிக்கணும்,” என்றாள் அக்கா.

*

திங்கட்கிழமை காலை அக்கா மனுவைச் செயலாளரிடம் நீட்டினாள். தலைப்பில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘எண் 17, வாதி. எதிர்: தலைவர், எதிர்வாதி.’

“படிச்சுப் பாத்து வாங்கிக்கோங்க சார்,” என்றாள். இருபத்திரண்டு வருஷ நேர்மை.

“மாதிரி வழக்கா? பயிற்சிக்கா? நல்லது, நல்லது. ஆர்வம் இருக்கணும்.” செயலாளர் முத்திரை குத்தினார். அன்று மதியம் மூன்று மணிக்கு முதல் அறிவிப்பு மடிந்து மேஜைமேல் ஏறியது. பேனா அதைக் கடந்து போனது. செவ்வாய்க்கிழமை இரண்டாவது. புதன்கிழமை மூன்றாவது. மூன்றிலும் தலைவரின் கையெழுத்து, வால் நீட்டிய பல்லி மாதிரி, அழகாக விழுந்தது. ‘பெற்றுக்கொண்டேன், படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்ற வரிக்கு நேர் கீழே.

வியாழக்கிழமை மாலை வரை பதில் வரவில்லை. அக்கா அன்று வகுப்பில் மூன்று பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாள் முழுக்கச் சட்டப் புத்தகத்தை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும் பயிற்சியில் இருந்தாள். அதுவும் மரக்கட்டைதான்.

வகுப்பு முடிந்ததும் செயலாளர் ஓடி வந்தார். “பதினேழு, ஒரு உதவி. நாளைக்கு மாதிரி நீதிமன்றத் தீர்ப்பை அடிச்சுத் தரணும். எங்க டைப்பிஸ்ட் இன்னும் வரல.”

“எனக்குத்தான் சான்றிதழ் இல்லன்னுட்டீங்களே சார்.”

“அது வேற, இது வேற. மனசுல எதையும் வச்சுக்காதீங்க.”

“நான் மனசுல எதையும் வச்சுக்கல சார். எல்லாத்தையும் காகிதத்துல வச்சுட்டேன். இந்த வருஷம் ரெண்டு வழக்கு இருக்கு. ரெண்டாவதுல எதிர்வாதி பதில் தரல. விதி இருபத்தேழுபடி வாதி கேட்டதையே தீர்ப்பா அடிக்கணும். அடிக்கட்டுமா?”

“விதிப்படி எதுவோ அதை அடிங்கம்மா!”

அக்கா அடித்தாள். இந்த மாதிரித் தீர்ப்பை அவள் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறாள். வாடகைக்காரன் வரவில்லை, வீட்டைக் காலி செய்க. கணவன் வரவில்லை, மனைவிக்கு விவாகரத்து. ஒன்றிலாவது அவள் விரல் இவ்வளவு சந்தோஷமாக ஓடியதில்லை. முடித்ததும் செயலாளரிடம் நீட்டி, “படிச்சுப் பாத்துடுங்க,” என்றாள் மறுபடியும்.

“படிக்கவா? இங்க யாருக்கும்மா நேரம் இருக்கு?” என்று செயலாளர் அதை மேலிருந்து மடித்தார்.

*

நிறைவு விழா மண்டபம் நிறைந்திருந்தது. மாணவர்கள் ஜன்னல் திரைகளில் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் சிறப்பு விருந்தினர். ஓய்வு பெற்ற உயர் நீதிபதி. பள்ளியின் புரவலர் சபைக்குத் தலைவரும் அவர்தான். வருஷா வருஷம் வருவார், மரக்கிளை வழக்கு ஆரம்பித்ததும் தூங்கிவிடுவார், கைதட்டல் சத்தத்தில் எழுந்து வாழ்த்துவார். அவர் இதற்குள் தூங்கிவிட்டார்.

உயர்ந்த நாற்காலியில் தலைவர், தலையில் வெள்ளை முடித் தொப்பியோடு. மரக்கிளைக்கு முப்பத்திரண்டாம் முறையாக மரண தண்டனை விதித்தார். பிறகு கீழே இன்னொரு தீர்ப்பு இருப்பதைப் பார்த்தார். கூட்டமோ கூட்டம். குரலோ நல்ல பதத்தில் இருந்தது. இன்னொன்று வாசிப்பது அவருக்குக் கரும்பு தின்னக் கூலி. வழக்கம்போல மேலே இருந்த பெயர்களைத் தாண்டி, நேராகத் தீர்ப்பின் நடுவிலிருந்து ஆரம்பித்தார்.

“எதிர்வாதி மூன்று முறை அறிவிப்புப் பெற்றிருக்கிறார்! மூன்று முறையும் படித்துப் புரிந்துகொண்டதாகத் தம் கைப்படக் கையொப்பமிட்டிருக்கிறார்! ஆயினும் இந்த நீதிமன்றத்துக்கு ஒரு வரி பதில் இல்லை!” தலைவர் நிமிர்ந்து சபையைப் பார்த்தார். இந்த எதிர்வாதியை அவருக்குப் பிடிக்கவில்லை. காகிதத்தில் இல்லாத ஒரு வரியைத் தன் பங்குக்குச் சேர்த்தார். “என்ன ஆணவம்!”

மண்டபம் சிலிர்த்தது. அக்கா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு பெண்மணியை வகுப்பிலிருந்து அழைத்துச் சென்று, நாள் முழுவதும் தம் சொந்த வேலையைச் செய்ய வைத்துவிட்டு, அதே நாளில் அவர் வகுப்புக்கு வரவில்லை என்று சான்றிதழை மறுத்திருக்கிறார் எதிர்வாதி. இப்படிப்பட்டவர் ஒரு கல்வி நிலையத்தில் இருக்கலாமா?” இதுவும் காகிதத்தில் இல்லை. உணர்ச்சி பொங்கிவிட்டது. “ஆகவே இந்த நீதிமன்றம் ஆணையிடுவதாவது: எதிர்வாதியான, உலகச் சட்டக் கோடைப் பள்ளியின் தலை…”

நுணல் வாயை மூடியது. கொஞ்சம் தாமதமாக.

அந்த நிசப்தம்தான் ஓய்வு பெற்ற நீதிபதியை எழுப்பியது. “ஏன் நிறுத்திட்டீங்க? தீர்ப்பைப் பாதியில நிறுத்தக் கூடாது. படிங்க.”

“இது… இதில் ஏதோ பிழை…”

பதினெட்டாம் எண் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். ஸ்டேஷன் குரல். “பிழையெல்லாம் இருக்காதுங்கய்யா! அக்கா அடிச்சது!”

நீதிபதி கையை நீட்டினார். காகிதங்கள் அவரிடம் வந்தன. மனு, முத்திரை, மூன்று அறிவிப்பு, மூன்று பல்லிகள். அவர் மேலிருந்து கீழ்வரை படித்தார். அந்த மண்டபத்தில் ஒருவர் ஒரு காகிதத்தை மேலிருந்து கீழ்வரை படிப்பதை மாணவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

“கையெழுத்து உங்களோடதுதானே?”

“என்னுடையதுதான். ஆனால்… நான் படிக்கவில்லை.”

“என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. படிக்காமக் கையெழுத்துப் போட்டேன்னு ஒரு சட்டப் பள்ளித் தலைவர் சொல்றாரா?”

தலைவர் மண்டபத்தைப் பார்த்தார். முப்பது திரைகள் அவரைப் பார்த்தன. இரண்டு வழிதான் இருந்தன. படிக்காதவன் என்று ஒப்புக்கொள்வது, அல்லது குற்றவாளி என்று ஒப்புக்கொள்வது. அவர் மானஸ்தர்.

“படித்தேன்,” என்றார்.

“அப்ப மீதியையும் படிங்க.”

மாளிகையைத் தாங்கிய குரல் இப்போது ஒரு கொசுவைக்கூடத் தாங்காது. “ஒன்று, வாதிக்கு இன்றே சான்றிதழ் வழங்க வேண்டும். இரண்டு, எதிர்வாதி அடுத்த கோடையில் எண் ஒன்றாக, முதல் வரிசையில், பள்ளியின் அங்கியுடன், இருபது நாளும் வகுப்பில் அமர்ந்து இப்பயிற்சியை முடிக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் மறு கோடையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று, அதை முடிக்கும்வரை தலைவர் நாற்காலியில் அமரக் கூடாது. அன்றாடக் காகிதங்களில் மட்டும் கையொப்பமிடலாம். அதுவும் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்த பிறகு.”

நீதிபதி எழுந்து நின்று கைதட்டினார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாகக் காரணம் தெரிந்து தட்டினார். “தலைவரே சட்டத்துக்குத் தலைவணங்குகிற பள்ளிக்கூடம்! இதைவிட என்ன பாடம் வேணும்? அடுத்த வருஷம் முதல் நாள் நானே வந்து பாக்கறேன்.”

சான்றிதழ் வந்தது. செயலாளர் பழக்க தோஷத்தில் அதை மேலிருந்து மடிக்கப் போனார்.

“மடிக்காதீங்க,” என்றாள் அக்கா. பிறகு தலைவரிடம் திரும்பினாள். “படிச்சுட்டுப் போடுங்க சார்.”

அவர் படித்தார். உரக்க. ஒவ்வொரு சொல்லாக.

*

திங்கட்கிழமை மாலை நாலேமுக்காலுக்கு அக்கா சான்றிதழைப் பதிவாளர் மேஜைமேல் வைத்தாள். பதிவாளர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். சான்றிதழ் இரண்டு பேரிடமும் இருந்தால் பணிமூப்புதான் பேசும். இருபத்திரண்டு வருஷம் பேசியது. மைத்துனர் இப்போது அக்காவுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து, தினமும் ஒரு மணி நேரம் பத்து விரலாலும் தட்டச்சுப் பழகுகிறார். அது தலைமைத் தட்டச்சரின் முதல் சுற்றறிக்கை.

அடுத்த கோடையின் நடுவில் செயலாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கணவர் அங்கிக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா உரக்கப் படித்தாள்.

‘மதிப்பிற்குரிய பதினேழு அவர்களுக்கு. தலைவர் பத்து நாள் ஒழுங்காக வகுப்புக்கு வந்தார். கதவைத் திறந்தார், வணங்கினார், திரை அங்கியில் இரண்டு முறை மயங்கியும் விழுந்தார். பதினோராம் நாள் காலை அவசரக் காகிதங்கள் சேர்ந்துவிட்டதால் நான்தான் அவரைத் தலைவர் அறைக்கு அழைத்துப் போனேன். நின்றபடியே, உரக்கப் படித்துக் கையெழுத்துப் போட்டதில் நாள் முழுவதும் போய்விட்டது. மறுநாள் வருகை அதிகாரி அவர் எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டார். தலைவர் அறையில் இருப்பது தலைவர் அறையில் இருப்பதே, வகுப்பில் இருப்பதாகாது என்கிறார். தலைவர் மேல்முறையீடு செய்ய விரும்புகிறார். மனு எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் பள்ளியில் யாரும் இல்லை. தாங்கள் எழுதித் தர இயலுமா?’

கணவர் ஊசியை நிறுத்தினார். “எழுதப் போறியா என்ன?”

“கேட்டுட்டாரே. பாவம்.”

“அந்த ஆளுக்கா?”

அக்கா எழுதினாள். சொல் சுத்தமாக, பிழை இல்லாமல், எந்த நீதிமன்றமும் தட்ட முடியாத மனு. ஆறு பிரதி. உறையில் போட்டு ஒட்டி, முகவரியைக் கணவரிடம் காட்டினாள்.

‘மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள், மாடி அறை, பலகை தொங்கும் கதவு.’